பாடக்குறிப்பின் கடைசிச் சொல்

வாசகர் கேள்வி – பதில்

ஒரு பாடவேளையை எப்படி நடத்துவது என்று ஆசிரியர் முன்கூட்டியே எழுதும் பாடக்குறிப்பு பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதற்கு, "முதலில் நோக்கத்தை எழுதுங்கள், பிறகு பாடத்தை எழுதுங்கள்" என்று ஒரே வரியில் விடை சொல்லி நிறுத்தியிருந்தேன். அந்த ஒரு வரி போதவில்லை என்று பல ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அம்மா, அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியையாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. "மாணவர்கள் ஒளிச்சேர்க்கை பற்றி அறிவர், அதன் முக்கியத்துவத்தை உணர்வர்" என்று பாடக்குறிப்பில் எழுதியிருந்தேன். தலைமையாசிரியர் "நோக்கம் தெளிவாக இல்லை" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். பி.எட். படித்தபோது இப்படித்தானே எழுதினோம்? இதில் என்ன குறை? (விழுப்புரம் மாவட்ட ஆசிரியை ஒருவர்)

பதில்: உங்கள் குறிப்பேட்டை எடுத்து, இந்த மாதம் எழுதிய நோக்கங்களின் கடைசிச் சொல்லை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்பதால் இந்தச் சோதனை நமக்கு மிக எளிது. அறிவர், உணர்வர், அறிவர், புரிந்துகொள்வர், தெரிந்துகொள்வர், அறிவர் என்றே பக்கம் முழுவதும் இருக்குமானால், உங்கள் தலைமையாசிரியர் எழுதியது நியாயமானதுதான். இந்தச் சொற்கள் எல்லாம் மாணவரின் மனத்துக்குள் நடப்பவற்றைக் குறிக்கின்றன. அது நடந்ததா இல்லையா என்பதைப் பாடவேளையின் முடிவில் வகுப்பறையில் நிற்கும் நீங்கள் எதைக் கண்டு தெரிந்துகொள்வீர்கள் என்பதற்கு அவற்றில் விடை இல்லை.

"பற்றி" என்ற சொல்லையும் கவனியுங்கள். ஒளிச்சேர்க்கை பற்றி ஏழாம் வகுப்புக் குழந்தையும் அறியும். தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்றவரும் அறிவார். உங்கள் வகுப்பில் இன்றைக்கு அதில் எவ்வளவு என்பதை அந்தச் சொல் விழுங்கிவிடுகிறது.

இதே நோக்கத்தை நான் இப்படி எழுதுவேன்: "ஓர் இலையில் கறுப்புத் தாள் மூடிய பகுதியும் வெயில் பட்ட பகுதியும் அயோடின் சோதனையில் எப்படி நிறம் மாறின என்பதைப் பார்த்து, எந்தப் பகுதியில் மாவுப்பொருள் உண்டாகியிருக்கிறது, மற்றதில் ஏன் இல்லை என்று மாணவர்கள் தம் சொந்தச் சொற்களில் இரண்டு வரி எழுதுவர்." கடைசிச் சொல் "எழுதுவர்" என்று ஆகிவிட்டது. எழுதியதை நீங்கள் கையில் எடுத்துப் படிக்கலாம்.

இந்த வரியை எழுதி முடித்தவுடன் இன்னொன்றும் நடக்கும். தொட்டிச் செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்து, இலையில் ஏற்கெனவே சேர்ந்துள்ள மாவுப்பொருள் தீர்ந்த பிறகுதான் கறுப்புத் தாளைச் சுற்றி வெயிலில் வைக்க வேண்டும் என்பது நினைவுக்கு வரும். பறித்த இலையைக் கொதிநீரில் இட்டு, பிறகு சாராயத்தில் (ஆல்கஹாலில்) வைத்துப் பச்சை நிறத்தைப் போக்க வேண்டும் என்பதும், சாராயத்தை நேரடியாக நெருப்பில் காட்டாமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் சூடாக்க வேண்டும் என்பதும் நினைவுக்கு வரும். திங்கட்கிழமை நடத்த வேண்டிய பாடத்துக்கு வெள்ளிக்கிழமையே செடியை எடுத்து வைப்பீர்கள். "ஒளிச்சேர்க்கை பற்றி அறிவர்" என்று எழுதியவருக்கு இந்த வேலை எதுவும் தோன்றாது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாலே போதும் என்று தோன்றும். நோக்கத்தைத் தெளிவாக எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். பாடத்தின் மீதி முழுவதும் அந்த ஒரு வரியிலிருந்துதான் கிளம்புகிறது.

இது புதிதாக வந்த கருத்தன்று. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரால்ப் டைலர் 1949இல் வெளியிட்ட சிறு நூலில், ஆசிரியர்கள் நோக்கத்தைத் தவறாக எழுதும் விதங்களைச் சுட்டியிருக்கிறார். ஆசிரியர் செய்யப்போவதை எழுதுவது ஒன்று. பாடத் தலைப்புகளை வரிசையாக எழுதுவது இன்னொன்று. "சிந்தனைத் திறன் வளரும்" என்பதுபோல எந்தப் பாடப்பொருளையும் தொடாமல் பொதுவாக எழுதுவது மற்றொன்று. எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் நம் குறிப்பேடுகளில் இந்த மூன்றும் இருக்கின்றன. 1962இல் அமெரிக்கக் கல்வியாளர் ராபர்ட் மேகர் இதை மேலும் கூர்மையாக்கி, ஒரு நோக்கத்தில் மாணவர் செய்யும் செயல், அதைச் செய்யும் சூழல், எந்த அளவுக்குச் செய்தால் போதும் என்ற தரம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்றார். மேலே நான் எழுதிய வரியில் இரண்டு வரி எழுதுவது செயல்; சோதனை முடிவைக் கண்முன் வைத்துக்கொண்டு எழுதுவது சூழல்; எது, ஏன் என்ற இரண்டும் இருப்பது தரம்.

"முக்கியத்துவத்தை உணர்வர்" என்பதை எடுத்துவிடுங்கள். அதை இந்தப் பாடவேளை தாங்காது.

கேள்வி: பாடநூலில் ஒவ்வோர் இயலின் தொடக்கத்திலும் "கற்றல் நோக்கங்கள்" அச்சிட்டிருக்கிறார்கள். பயிற்சியில் "கற்றல் விளைவுகள்" என்கிறார்கள். அவற்றை அப்படியே குறிப்பேட்டில் எடுத்து எழுதிவிட்டால் போதாதா? (தருமபுரி மாவட்ட ஆசிரியர் ஒருவர்)

பதில்: போதாது. பாடநூலில் இருப்பது இயல் முழுமைக்கும் உரியது. அந்த இயலை நடத்த உங்களுக்கு எட்டுப் பாடவேளை ஆகலாம், பத்தும் ஆகலாம். கற்றல் விளைவு அதைவிடப் பெரியது. தேசிய கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் 2017இல் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் வெளியிட்ட கற்றல் விளைவுகள், ஒரு குழந்தை அந்த வகுப்பை முடிக்கும்போது எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்பவை. பயணம் போய்ச் சேரும் ஊரைச் சொல்வது விளைவு. இன்று மாலைக்குள் எந்தச் சத்திரம் வரை நடப்போம் என்பதைச் சொல்வது உங்கள் குறிப்பேட்டில் இருக்க வேண்டிய நோக்கம். முன்னதை எழுதித் தருவது அரசின் வேலை. பின்னதை எழுத உங்களைத் தவிர யாராலும் முடியாது, ஏனென்றால் நேற்று உங்கள் வகுப்பு எதுவரை வந்தது என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியுள்ள ஓர் ஆசிரியையும் ஏறக்குறைய இதையே கேட்டிருக்கிறார். இலங்கையின் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளில் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற்பேறு என்று படிப்படியாக இறங்கி வரும் அமைப்பு அவர்களுக்கு உண்டு. எத்தனை பாடவேளை என்பதையும் அதிலேயே குறித்திருப்பார்கள். அந்த அமைப்பு நல்லது. ஆயினும் வழிகாட்டியில் உள்ள கற்றற்பேறும் எல்லாப் பாடசாலைகளுக்கும் பொதுவாக எழுதப்பட்டதே. அதிலிருந்து இன்றைய பாடவேளைக்கான வரியை வெட்டி எடுக்கும் வேலை அங்கேயும் ஆசிரியருடையதுதான்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். வல்லினம் மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் இரண்டு பாடவேளைகளில் முழுமையாக நடத்திவிட்டேன். தேர்வில் பட்டியலைக் கேட்டால் ஒப்பிக்கிறார்கள். கட்டுரை எழுதச் சொன்னால் ஓர் இடத்திலும் ஒற்று இல்லை. இதற்கும் நோக்கம் எழுதுவதற்கும் தொடர்பு உண்டா? (மதுரை ஆசிரியர் ஒருவர்)

பதில்: முழுத் தொடர்பும் உண்டு. எனக்கு மிகவும் நெருக்கமான பாடம் இது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் குறிப்பேட்டில் "வல்லினம் மிகும் இடங்களைப் பட்டியலிடுவர்" என்றோ "விதிகளைக் கூறுவர்" என்றோதான் இருந்திருக்கும். பட்டியலிடுவர் என்று எழுதினீர்கள், பட்டியலிடுகிறார்கள். நோக்கம் நிறைவேறிவிட்டது! நீங்கள் விரும்பியது அது இல்லை என்பதுதான் சிக்கல். விதியைச் சொல்வதும் விதிப்படி எழுதுவதும் வேறு வேறு திறன்கள். ஒன்றைப் பயிற்றினால் மற்றது தானாக வராது.

பட்டியல் முழுவதையும் எடுக்காமல், ஒரு பாடவேளைக்கு மூன்று விதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வேற்றுமை உருபு ஐ, நான்காம் வேற்றுமை உருபு கு, அந்த இந்த எந்த என்னும் சொற்கள் ஆகிய இவற்றின் பின்னே வல்லினம் மிகும் என்பவையே அந்த மூன்றும். மாணவர்கள் அன்றாடம் எழுதும் வாக்கியங்களில் ஒற்று விடுபடும் இடங்களில் மிகப் பல இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும் என்பது பல ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய அனுபவத்தில் நான் கண்டது.

இனி நோக்கம்: "ஒற்றுகள் நீக்கப்பட்ட சிறு பத்தி ஒன்றைப் புத்தகம் பாராமல் படித்து, ஐ, கு, அந்த இந்த எந்த ஆகியவற்றின் பின் வர வேண்டிய க், ச், த், ப் ஆகியவற்றை உரிய இடங்களில் இட்டு எழுதுவர், வரக்கூடாத இடங்களில் இடாமல் விடுவர்."

கடைசிப் பகுதிதான் உயிர். ஒற்று இடக் கற்றுக்கொண்ட பிள்ளை முதல் வாரத்தில் கண்ட இடமெல்லாம் ஒற்றுப் போடும். "பெரியப் பையன்" என்றும் "வந்தப் பேருந்து" என்றும் எழுதும். எங்கே இடக்கூடாது என்பதையும் நோக்கத்திலேயே எழுதிவிட்டால், பயிற்சிக்கான பத்தியை நீங்கள் வேறு மாதிரி அமைப்பீர்கள். நான் கொடுத்து வந்த பத்திகளில் ஒன்று இது:

"அந்த தோட்டத்தில் பாட்டி பூவை பறித்தாள். வாடாத பூக்களை கூடையில் வைத்தாள். கோயிலுக்கு போகும் வழியில் பெரிய குளம் இருந்தது."

இதில் ஒற்று வேண்டிய இடங்கள் நான்கு: அந்தத் தோட்டத்தில், பூவைப் பறித்தாள், பூக்களைக் கூடையில், கோயிலுக்குப் போகும். சறுக்கக்கூடிய இடங்கள் மூன்று. "பாட்டி பூவை" என்பது எழுவாய்த் தொடர். "வாடாத பூக்களை" என்பதில் இருப்பது எதிர்மறைப் பெயரெச்சம். "பெரிய குளம்" என்பதிலும் மிகாது. நான்கையும் இட்டு, மூன்றையும் தொடாமல் விட்ட பிள்ளை அடுத்த மூன்று விதிகளுக்குப் போகலாம். நான்கையும் இட்டுவிட்டு "பாட்டிப் பூவை" என்றும் எழுதிய பிள்ளைக்கு விதி தெரியாமல் இல்லை. விதியின் எல்லை தெரியவில்லை. ஒன்றுமே இடாத பிள்ளைக்கு வேற்றுமை உருபையே அடையாளம் காண வரவில்லை. மூவருக்கும் நாளை நீங்கள் செய்ய வேண்டியது வேறு வேறு. "விதிகளைக் கூறுவர்" என்ற நோக்கம் இந்த மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கும்.

மூன்று விதி மூன்று விதியாகப் போனால் பாடம் எப்போது முடியும் என்று கேட்பீர்கள். ஒரே பாடவேளையில் முடிக்க வேண்டியதில்லை. ஜூலையில் மூன்று, ஆகஸ்டில் மூன்று என்று பிரித்து, இடையில் எழுதும் ஒவ்வொரு கட்டுரையிலும் கடிதத்திலும் அதுவரை கற்ற விதிகளை மட்டும் பார்த்துத் திருத்துங்கள். கற்காத விதிக்குச் சிவப்பு மை வேண்டாம்.

கேள்வி: பாடக்குறிப்பு ஒவ்வொன்றிலும் கல்வியாளர் புளூம் வகுத்த ஆறு சிந்தனை நிலைகளுக்கும் ஒவ்வொரு நோக்கம் இருக்க வேண்டும் என்று எங்கள் பயிற்சிக் கல்லூரியில் வற்புறுத்துகிறார்கள். நாற்பத்தைந்து நிமிடத்தில் நினைவுகூர்தல் முதல் படைத்தல் வரை எப்படிச் செய்ய முடியும்? (பி.எட். மாணவி ஒருவர், கோயம்புத்தூர்)

பதில்: முடியாது, செய்யவும் தேவையில்லை. பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் 1956இல் அந்தப் பகுப்பை வெளியிட்டபோது, அமெரிக்கக் கல்லூரிகளில் தேர்வு நடத்துவோர் தம் வினாக்களை ஒரே அளவுகோலால் வகைப்படுத்தவும் பரிமாறிக்கொள்ளவும் உதவும் என்பதே அவர்கள் எண்ணம். ஒரு பாடவேளைக்குள் ஏற வேண்டிய ஆறு படிகளாக அவர்கள் அதை அமைக்கவில்லை. 2001இல் ஆண்டர்சன், கிராத்வோல் ஆகியோர் தலைமையில் திருத்தம் செய்யப்பட்டு, பெயர்கள் வினைகளாக மாறி, படைத்தல் உச்சிக்கு வந்தது. அந்தத் திருத்தத்திலும் அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

நோக்கங்கள் எல்லாம் நினைவுகூர்தல் நிலையிலேயே தேங்கிவிடக் கூடாது என்பதற்காகவே உங்கள் விரிவுரையாளர்கள் அப்படிக் கேட்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஓர் இயல் முழுவதற்கும் எழுதிய நோக்கங்களை வரிசையாக வைத்து, எந்த நிலை விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். அதற்கு இந்தப் பகுப்பு நன்றாக உதவும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பலர் வினைச்சொற்களின் பட்டியலைப் பார்த்து, "விளக்குவர்" என்றால் புரிதல், "ஒப்பிடுவர்" என்றால் பகுப்பாய்தல் என்று எழுதிக்கொள்கிறார்கள். முந்தின நாள் கரும்பலகையில் எழுதிப்போட்ட ஐந்து வேறுபாடுகளை மறுநாள் மாணவர் அப்படியே எழுதினால், சொல் "ஒப்பிடுவர்" என்று இருந்தாலும் நடந்தது நினைவுகூர்தல்தான். மாணவர் முன்பு பாராத இரண்டு பொருள்களைக் கொடுத்து ஒப்பிடச் சொன்னீர்களா என்பதே நிலையைத் தீர்மானிக்கும். ஆகவே உங்கள் நோக்கத்தில் "புதிதாகக் கொடுக்கப்பட்ட" என்ற சொற்கள் உள்ளனவா என்று பாருங்கள். அந்த இரண்டு சொற்கள் பல வேளைகளில் வினைச்சொல்லைவிடப் பெரிய வேலை செய்யும்.

கேள்வி: எனது ஐந்தாம் வகுப்பில் 28 பிள்ளைகள். ஆறு பேருக்குச் சரளமாக வாசிக்க வராது. இரண்டு பேருக்கு எழுத்துகளே தடுமாற்றம். எல்லாருக்கும் ஒரே நோக்கம் எழுதுவது பொய் எழுதுவதுபோல இருக்கிறது. (தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர், திருவாரூர் மாவட்டம்)

பதில்: உங்கள் கடைசி வரியைப் படித்தபோது மனம் கனத்தது. நீங்கள் அதை உணர்ந்திருப்பதே அந்தப் பிள்ளைகளின் நல்வினை.

தமிழ்நாட்டில் 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது, குழந்தைகளை வகுப்பைக் கொண்டு பாராமல் அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் நிற்கும் நிலையைக் கொண்டு பார்க்க வழி செய்தார்கள். அந்தச் சிந்தனையை உங்கள் குறிப்பேட்டுக்கும் கொண்டு வாருங்கள். ஆனால் மூன்று தனித்தனிப் பாடங்கள் எழுத வேண்டாம். ஒரே மாதத்தில் களைத்துவிடுவீர்கள். செயல் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும், சூழலை மட்டும் மாற்றுங்கள்.

ஒரு சிறு கதையில் வரும் நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்துவது இன்றைய நோக்கம் என்று வைத்துக்கொள்வோம். சரளமாக வாசிப்பவர்கள் கதையைத் தாமே படித்து, நிகழ்ச்சிகளை ஐந்து வாக்கியங்களில் வரிசையாக எழுதுவர். தடுமாறும் ஆறு பேர், நீங்கள் வாசிக்கக் கேட்டு, கலைத்து வைத்த ஐந்து வாக்கியச் சீட்டுகளை வரிசையாக அடுக்குவர். அந்த இருவர், கேட்ட கதைக்குரிய படங்களை அடுக்கி, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்வர். நிகழ்ச்சிகளின் வரிசையைப் பிடிப்பது என்னும் திறன் மூன்றிலும் ஒன்றே. பாடத்தின் முடிவில் மூன்று குழுவினரும் ஒரே கதையைப் பற்றி ஒன்றாகப் பேச முடியும். அந்த இரண்டு பிள்ளைகளும் தங்கள் வகுப்புக்குள்ளேயே இருப்பார்கள்.

எழுத்தில் தடுமாறும் அந்த இருவருக்கும் நாள்தோறும் பத்து நிமிடம் தனியே வேண்டும் என்பது வேறு. அதற்கென ஒரு தனி வரியைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்: "இந்த வாரத்துக்குள் கி, கீ, கு, கூ வரிசையை வேறு மெய்களோடும் சேர்த்து வாசிப்பர்" என்பதுபோல.

கேள்வி: கவிதையை எப்படி அளப்பது? நாட்டுப்பற்று, இரக்கம் ஆகியவற்றுக்கு எந்த வினைச்சொல்லைப் போடுவது? (ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், திருநெல்வேலி)

பதில்: ஐயா, நீங்கள் என்னைவிட மூத்தவர், விடையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் அளக்கும் சொல்லில் அடைத்துவிட முடியாது என்று அமெரிக்கக் கல்வியாளர் எலியட் ஐஸ்னர் 1960களிலேயே எதிர்ப்புத் தெரிவித்தார். ஒரு கலை அனுபவத்தில் மாணவர்கள் எதைச் சந்திக்கப் போகிறார்கள் என்பதை மட்டும் எழுதலாம், அவர்கள் எதைக் கொண்டு திரும்புவார்கள் என்பதை முன்கூட்டியே எழுத முடியாது என்பது அவர் வாதம். எனக்கும் அது உடன்பாடு. கவிதை வகுப்பில் சீரைப் பிரிப்பதற்கு நோக்கம் எழுதுங்கள், உவமையை இனங்காண்பதற்கு எழுதுங்கள். பாட்டை இரண்டு முறை வாய்விட்டுப் படிக்கக் கேட்டு வகுப்பு அமைதியாக இருக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒன்றும் எழுத வேண்டாம். "இரக்க உணர்வு பெறுவர்" என்று எழுதி, அதற்கு ஒரு வினாவும் மதிப்பெண்ணும் வைத்தால், இரக்கத்தைப் பற்றிய நல்ல விடைகள்தாம் கிடைக்கும்.

கேள்வி: நோக்கத்தை மாணவர்களிடம் சொல்ல வேண்டுமா? எங்கள் பள்ளியில் கரும்பலகையின் மூலையில் எழுதச் சொல்கிறார்கள். (ஆசிரியர் ஒருவர், சேலம்)

பதில்: அவர்கள் மொழியில் சொல்லலாம். "இன்று மணி அடிப்பதற்குள் இந்தப் பத்தியை நீங்களே திருத்தப் போகிறீர்கள்" என்றால் அவர்களுக்கு விளங்கும். குறிப்பேட்டு நடையிலேயே மூலையில் எழுதி வைப்பதால் பயன் இல்லை. விடையை அவர்களே கண்டுபிடிக்க வேண்டிய பாடமாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லாமல் கடைசியில் சொல்லுங்கள்.

கேள்வி: நோக்கம் நிறைவேறவில்லை என்று தெரிந்தால் குறிப்பேட்டில் அதை எழுதலாமா? எழுதினால் ஆய்வுக்கு வருபவர் என் பணியைக் குறைத்து மதிப்பிடுவாரோ என்று அச்சமாக இருக்கிறது. 33 பேரை ஒரே வேளையில் எப்படிச் சரிபார்ப்பது என்றும் சொல்லுங்கள். (கணித ஆசிரியை ஒருவர், கடலூர் மாவட்டம்)

பதில்: பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் நான் ஐந்தாம் வகுப்புக்குப் பரப்பளவும் சுற்றளவும் நடத்தினேன். "செவ்வகத்தின் சுற்றளவு, பரப்பளவு காணும் சூத்திரங்களை அறிவர்" என்று எழுதியிருந்தேன். எல்லாரும் சூத்திரம் சொன்னார்கள்; கணக்குப் போட்டார்கள்; "நோக்கம் நிறைவேறியது" என்று எழுதிக் கையொப்பம் இட்டேன். அடுத்த வாரம் சுதந்திர தின அலங்காரத்துக்காக, 8 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள அறிவிப்புப் பலகையைச் சுற்றிச் சரிகைத் தாள் ஒட்ட வேண்டியிருந்தது. எத்தனை அடி வாங்க வேண்டும் என்று கேட்டேன். நன்றாகப் படிக்கும் சிறுமி ஒருத்தி உடனே "நாற்பது" என்றாள். வகுப்பில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். எட்டையும் ஐந்தையும் பார்த்ததும் பெருக்கிவிட்டார்கள். பலகையின் நான்கு ஓரங்களையும் ஒருவரும் கண்ணால் சுற்றி வரவில்லை. 26 அடி என்று வர வேண்டிய இடம் அது. பிழை அந்தச் சிறுமியுடையது இல்லை. சூத்திரம் தெரிந்தால் போதும் என்று குறிப்பேட்டில் எழுதியவள் நான். எந்தத் தேவைக்கு எந்த அளவு என்று தேர்ந்தெடுப்பதை நான் நோக்கத்திலும் எழுதவில்லை, வகுப்பிலும் கற்பிக்கவில்லை.

ஆகவே சரிபார்ப்பை நோக்கத்தோடு சேர்த்தே எழுதுங்கள். கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒரே ஒரு கேள்வி போதும். அந்தக் கேள்வி, தவறாகப் புரிந்துகொண்ட பிள்ளை தவறான விடையைத் தருமாறு அமைந்திருக்க வேண்டும். மேலே சொன்ன பலகைக் கேள்வி அப்படிப்பட்டது: தெளிந்தவர் 26 என்பார், குழம்பியவர் 40 என்பார், ஒரு நீளத்தையும் ஓர் அகலத்தையும் மட்டும் கூட்டியவர் 13 என்பார். விடையைப் பார்த்தவுடன் குழப்பம் எங்கே என்பதும் தெரிந்துவிடும். கால் தாளில் எழுதி வாங்குங்கள். 33 தாள்களையும் விடைவாரியாக மூன்று அடுக்காகப் பிரிக்க, தேநீர் இடைவேளையில் ஐந்து நிமிடம்கூட ஆகாது. மதிப்பெண் போட வேண்டாம், பெயர் சொல்லிக் கடிந்துகொள்ளவும் வேண்டாம்.

ஆய்வுக்கு வருபவர் பற்றிய அச்சத்தை நான் அறிவேன். நானும் அதோடுதான் பணி செய்தேன். பின்னாளில் மற்றவர்களின் குறிப்பேடுகளைப் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தபோது, ஆண்டு முழுவதும் "நிறைவேறியது, நிறைவேறியது" என்று எழுதப்பட்டிருந்த குறிப்பேடுகளால் அந்த வகுப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. நிறைவேறவில்லை என்று எழுதி, அதன் கீழே மறுநாளைக்கு ஒரு வரி எழுதியிருந்த ஆசிரியரின் வகுப்பை நான் பாராமலே காண முடிந்தது. எல்லா ஆய்வாளரும் அப்படிப் பார்ப்பார்கள் என்று என்னால் உறுதி தர இயலாது. ஆனாலும் வெறும் "நிறைவேறவில்லை" என்று நிறுத்தாமல், எண்ணையும் காரணத்தையும் அடுத்த செயலையும் சேர்த்து எழுதிவிட்டால், அதைக் குறை என்று சொல்ல வருபவர் சற்றே யோசிப்பார். இன்றைக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: "26 என்றவர் 17 பேர், 40 என்றவர் 12 பேர், 13 என்றவர் 4 பேர். நாளை முதல் பத்து நிமிடம் மேசையின் ஓரத்தில் நூல் சுற்றி அளத்தல், மேசையின் மேல் ஒரே அளவு அட்டைகளைப் பரப்பி எண்ணுதல். பிறகு வேறு அளவுள்ள பலகையைக் கொண்டு மீண்டும் ஒரு கேள்வி."